எந்த வேலையைக் கர்த்தருக்கென்று செய்வது?

(கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் மே தின வாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விசுவாசமும் அன்றாட வேலையும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பேசத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து தென்னிந்தியாவில் இல்லை. வேலை ஒன்றுக்காகவே பிறந்த ஊர் இது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி தங்கம் தோண்ட இங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் கூலி தேடி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சேரியில் பிறந்து பண்ணையாரின் நிலத்தில் உழைத்தவர்கள். இங்கே மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினார்கள். அந்த லைன் வீடுகளுக்கு நடுவிலேயே மாதா கோவிலையும் ஜெப வீட்டையும் மாரியம்மன் கோவிலையும் கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தமும் இங்கேதான் ஆழமாக வேர்விட்டது. மாரிகுப்பத்தின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்ட நூல்கள் தமிழ்நாடெங்கும் போயின. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் இறங்கும்போது அதற்குள் சிலுவை போட்டவரும் இருந்தார், முனீஸ்வரனை நினைத்தவரும் இருந்தார், புத்தம் சரணம் சொன்னவரும் இருந்தார். வேலைக்கும் பக்திக்கும் என்ன உறவு என்பது இங்கே ஒவ்வொரு ஷிப்டிலும் எழுந்த கேள்வி.

இந்த ஊருக்கு வந்த பிறகு இரண்டு பேர் என்னிடம் தனியாக வந்து கேட்டதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு தம்பி, "அண்ணா, பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி. போக வர ரயிலில் நாலஞ்சு மணி நேரம். எனக்கு ஜெபிக்க எங்கே நேரம்?" என்றார். ஒரு சகோதரி, "ஐயா, நான் வேலை பார்க்கிற இடத்தில் ரெண்டு பில் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ரெண்டிலும் எழுதுகிற கை என் கைதான். ஞாயிற்றுக்கிழமை இதே கையை நீட்டி நற்கருணை வாங்குகிறேன்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. இந்த இரண்டு பேருக்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் கொஞ்ச நேரம் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

யோபின் புத்தகத்தில் 28-ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். பிரசங்கம் பண்ணுகிறவர்கள் நேரே அதன் கடைசி வசனத்துக்குப் போய்விடுவார்கள். தங்கவயல்காரர்கள் முதல் பதினொரு வசனங்களில் நின்று நிதானிக்க வேண்டும். அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளி வருகிறான். இருட்டுக்கு முடிவு கட்டுகிறான். ஜனங்கள் குடியிருக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில், மேலே நடந்து போகிறவனின் நினைவில்கூட இல்லாத ஆழத்தில், தொங்கி ஆடிக்கொண்டு வேலை செய்கிறான். மேலே சோறு விளைகிற அதே மண், அடியில் நெருப்புப் பட்டதுபோல் புரண்டு கிடக்கிறது. அந்த மண்ணின் தூளில் பொன் இருக்கிறது. கழுகின் கண்ணுக்கும் தெரியாத பாதை அது. மலையை வேரோடு புரட்டுகிறான், பாறையை வெட்டி வாய்க்கால் விடுகிறான், கசிகிற நீரைத் தடுக்கிறான்.

சாம்பியன் ரீஃபில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியவர்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து காற்றைக் குளிரவைத்து அனுப்பினால்தான் ஒரு மனிதன் அங்கே நிற்க முடியும். வேதத்தில் உழவனுக்கும் மேய்ப்பனுக்கும் மீனவனுக்கும் நிறைய இடம் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்தது இந்த அரை அதிகாரம்தான். ஆனால் இதை எழுதியவர் ஒரு சுரங்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கயிறு, தூள், நீர்க் கசிவு, தனிமை என்று அத்தனையையும் பார்த்திருக்கிறார். பார்த்து வியந்திருக்கிறார். வேலையை முழுதாகக் கண்டு, அதற்குரிய மரியாதையைக் கொடுத்த பிறகுதான், "இத்தனை ஆழம் தோண்டுகிற மனிதனே, ஞானம் எங்கே கிடைக்கும்?" என்ற கேள்விக்கு வருகிறார். பொன்னால் அதை வாங்க முடியாது என்கிறார். ஆண்டவருக்குப் பயப்படுவதும் பொல்லாப்பை விட்டு விலகுவதுமே ஞானம் என்று முடிக்கிறார்.

சரி, மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒருவன் விலக வேண்டிய பொல்லாப்பு எது? பழைய ஆட்களைக் கேட்டால் முதலில் பாறை வெடிப்பைச் சொல்வார்கள். ராக் பர்ஸ்ட் என்றால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆழம் கூடக் கூட மேலிருக்கும் மலையின் பாரம் தோண்டிய வெற்றிடத்தை அழுத்தும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பாறை சிதறும். மேலே லைன் வீடுகள் ஆடும். எத்தனையோ பேர் அதில் போனார்கள். அதைத் தாங்குவதற்குத் தோண்டி எடுத்த இடத்தில் கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். இந்தச் சுவரைக் கட்டியவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஷிப்ட் முடிந்து மேலே போய்விடுவார். அடுத்த ஷிப்டில் அதன் கீழே நிற்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டாலும் அன்றைக்கு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கூலி அதே கூலிதான். அந்த இருட்டில் ஒரு கல்லைத் திருப்பி வைத்துச் சரியாக உட்காரவைத்தவர் செய்ததை நான் ஆராதனை என்று சொல்லத் தயங்கமாட்டேன். உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். யாராவது தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும். தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிய விதி அது. பலிபீடத்துக்கு விதி கொடுத்த அதே தேவன்தான் கைப்பிடிச் சுவருக்கும் விதி கொடுத்தார்.

இன்று "வேலையிடத்தில் விசுவாசம்" என்று பேசினால் பெரும்பாலும் மேசைமேல் வசன அட்டை, மதிய இடைவேளையில் ஜெபக்குழு, சக ஊழியருக்குத் துண்டுப்பிரதி என்றுதான் நினைக்கிறோம். இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. வேலைக்கு நடுவே ஜெபிக்கிற மனிதனைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். ஆனால் வேலை அதுபாட்டுக்கு ஒரு பக்கம் இருக்க, அதன் ஓரத்தில் விசுவாசத்தை ஒட்டவைப்பது போதாது. நாசரேத்தில் நம் ஆண்டவர் ஏரும் நுகமும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி எழுதிவைத்திருக்கிறார். அந்த நுகம் மாட்டின் கழுத்தை அறுக்காமல் இருந்திருக்க வேண்டும். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று யாத்திராகமம் யாரைச் சொல்கிறது? பெசலெயேலை. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை தெரிந்த ஒரு கைவினைஞனை. சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கயிற்றில் இறக்கி ஏற்றிய வைண்டிங் டிரைவரின் கைப்பக்குவமும் அந்த ஆவியின் வரம்தான் என்று நம் சபைகளில் எத்தனை முறை சொல்லியிருப்போம்?

இதுவரை நான் பேசியதற்குத் தலையசைத்தீர்கள். இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கடினமானது.

"எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யுங்கள்" என்ற போதனை கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. வேலையைப் பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இது வந்துவிடும். அந்த வார்த்தை முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். அடிமைகளுக்கு. சம்பளம் கேட்க முடியாதவர்களுக்கு, வேலையை விட முடியாதவர்களுக்கு. அவர்களுடைய உழைப்பைத் தேவன் பார்க்கிறார், அவர்களுடைய கூலி அவரிடம் இருக்கிறது என்று ஆறுதலாகச் சொல்லப்பட்டது. அதே மூச்சில், நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், எஜமான்களே நீதியும் செம்மையுமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்று அப்போஸ்தலன் திரும்பிக் கேட்கிறார். முதல் பாதியை மட்டும் பிரசங்கித்தால் அது கம்பெனிக்காரன் காசு கொடுத்து அச்சடிக்கக்கூடிய பிரசங்கம் ஆகிவிடும். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இளைத்து இருமிச் செத்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். சிலிகோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு உண்டு என்று மைசூர் அரசு விதி கொண்டுவந்தது 1940-ல். அப்போது சுரங்கத்துக்கு அறுபது வயது. அந்த அறுபது வருஷமும் பங்களாப் பக்கமும் லைன் பக்கமும் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. 1891-லேயே போப் பதின்மூன்றாம் லியோ, நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்று உலகத்துக்கே சுற்றறிக்கை விட்டிருந்தார். 1930 ஏப்ரலில் தொழிலாளர்கள் எல்லாருடைய கைரேகையையும் பதிய வேண்டும் என்று கம்பெனிகள் முனைந்தபோது, எங்களைக் குற்றவாளிகளாக நடத்தாதே என்று ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்தினார்கள். சுமார் மூன்று வாரம் சுரங்கம் நின்றது. அந்தக் கூட்டத்தில் பைபிள் வாசித்தவர்களும் இருந்திருப்பார்கள். வேலையை மதிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அதை நிறுத்தவும் தெரியும்.

இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும். இந்தச் சுரங்கக் குடியிருப்புகளில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று இங்கே இருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் இங்கே வந்தது. இந்தியாவின் பல நகரங்கள் அப்போது மின்விளக்கையே பார்க்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் மனிதர் கழித்ததை மனிதர் கையால் வாரி வாளியில் சுமந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் தெலுங்கு பேசும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தார்கள்.

அப்படி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் 1966-ல் இந்தத் தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவருடைய தகப்பனார் 1935 முதல் இந்த நகரியத்தில் அந்த வேலை பார்த்தவர். அண்ணனும் அதே வேலைக்குப் போனார். பெற்றோர் தாங்கள் செய்வது இன்னதென்று பிள்ளையிடம் நீண்ட காலம் மறைத்து வைத்தார்கள். வில்சன் படித்து முடித்து இளைஞர்களோடு வேலை செய்யத் தொடங்கியபோது, பிள்ளைகள் பள்ளியை விட்டுவிட்டு அதே வாளியைத் தூக்குவதைக் கண்டார். ஒரு நாள் குழிக்குள் விழுந்த வாளியை ஒருவர் கையை விட்டு எடுப்பதைப் பார்த்து உடைந்து அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அதிகாரிகளுக்கு எழுதினார், மந்திரிகளுக்கு எழுதினார், பத்திரிகைகளுக்கு எழுதினார். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. 1993-ல் எடுப்புக் கக்கூஸையும் கையால் மலம் அள்ளுவதையும் தடை செய்து பாராளுமன்றம் சட்டம் போட்டது. சட்டம் தாளோடு நின்றது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ். ஆர். சங்கரன், பால் திவாகர் போன்றோருடன் சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கத்தை வில்சன் வளர்த்தார். 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023-ல் அதே நீதிமன்றம் அதை முப்பது லட்சம் ஆக்கியது. 2016-ல் வில்சனுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.  இத்தனைக்கும் இடையில், 2011 அக்டோபரில், இதே தங்கவயலில் மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் இறந்தார்கள்.

இங்கேதான் என் தலைப்பு என்னைப் பிடித்து நிறுத்துகிறது. வாளி தூக்கிய தாயிடம் போய், "அம்மா, எந்த வேலையும் கர்த்தருக்கென்று செய்தால் பரிசுத்தம்" என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பது என் முடிவு. துப்புரவு வேலையைப் புனிதமான சேவை என்று காந்தியார் புகழ்ந்தார். பிறப்பால் ஒருவர் தலையில் கட்டிய வேலையைப் புகழ்ந்து புகழ்ந்தே அவரை அதில் கட்டிப்போடுவதை அம்பேத்கர் 1945-ல் வெளிவந்த தம் நூலில் கடுமையாக எதிர்த்தார். இந்த விஷயத்தில் வேதமும் அம்பேத்கர் பக்கம்தான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். லுத்தர், தொட்டில் துணி துவைக்கிற தகப்பனைப் பார்த்துத் தேவனும் தூதரும் மகிழ்கிறார்கள் என்று எழுதியவர். துறவியின் வேலை பெரிது, செருப்புத் தைப்பவரின் வேலை சிறிது என்ற எண்ணத்தை உடைத்தவர். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவரவர் அழைக்கப்பட்ட நிலையில் அவரவர் இருக்கட்டும் என்ற பவுலின் சொல்லை ஜாதி உள்ள நாட்டுக்குக் கொண்டுவந்தபோது அது வேறு பொருள் கொடுத்தது. அதற்கு அடுத்த வசனத்தை, 1 கொரிந்தியர் 7:21-ஐ, சேர்த்து வாசித்தால் விடுதலை கிடைக்குமானால் அதைப் பிடித்துக்கொள் என்று இருக்கிறது.

ஆகவே வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். கல் அடுக்குவது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, லேத்தில் நிற்பது, சோறு வடிப்பது, கணக்கு எழுதுவது, தெருவைக் கருவியோடும் கையுறையோடும் உரிய சம்பளத்தோடும் சுத்தம் செய்வது ஆகியவற்றைக் கர்த்தருக்கென்று செய்யலாம், செய்ய வேண்டும். மனிதனை மனிதன் என்று எண்ணாத வேலையைக் கர்த்தருக்கென்று ஒழிக்க வேண்டும். வில்சன் செய்தது இந்த இரண்டாவது ஊழியம். தம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி மணிலாவில் மகசேசே விருது மேடை பேசியதற்கு முன்பே நம் பிரசங்க மேடைகள் பேசியிருக்க வேண்டும்.

சபை இதை முன்பு செய்ததே இல்லையா என்றால், செய்திருக்கிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஞானஸ்நானம் பெற்றதால் ஊரையும் தொழிலையும் இழந்தவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. மிஷனரிகளிடம் குறைகள் இருந்தன, அது தனிப் பேச்சு. ஆனால் "விசுவாசி ஆகிவிட்டாய், இனி நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்ற கேள்வியைச் சபையின் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும். இரண்டாவது பில் புத்தகத்தில் எழுதாதே அம்மா, அது பாவம் என்று சொல்வது எனக்கு எளிது. கள்ளத் தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று வேதம் சொல்வது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அழுதார். அவர் நாளைக்கே "இனி எழுத மாட்டேன்" என்று சொன்னால் நாளை மறுநாள் வேலை இருக்காது. வீட்டு வாடகையை யார் கொடுப்பது? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? தனி ஒருத்தியாக அவர் சிலுவையைச் சுமக்கட்டும், நாம் சாட்சிக் கூட்டத்தில் கைதட்டுவோம் என்று இருந்தால் அது விசுவாசம் ஆகாது. எருசலேம் சபையில் ஒருவருக்கும் குறைவில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதற்குக் காரணம், அங்கே நேர்மையின் விலையை எல்லாரும் பங்கு போட்டுக் கட்டியதுதான். 1930-ல் மூன்று வாரம் கூலி இல்லாமல் இந்த ஊர் எப்படிச் சாப்பிட்டிருக்கும்? ஒருவர் உலையில் இருந்ததை இன்னொருவரோடு பகிர்ந்துதான் சாப்பிட்டிருக்கும். நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். உண்மை பேசியதால் வேலை இழந்த சபையாருக்கு, வேறு வேலை கிடைக்கும்வரை, மூன்று மாதச் சம்பளம். கோபுரத்துக்கு வெள்ளையடிப்பது ஒரு வருஷம் தள்ளிப் போனால் போகட்டும்.

செக்யூரிட்டித் தம்பிக்கு வருகிறேன். தம்பி, ஜெபிக்க நேரமில்லை என்று குற்ற உணர்ச்சியோடு கேட்டீர்கள். குற்றம் உங்களுடையது இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். எண்ணூறு டன்னுக்கு மேல் பொன்னைக் கொடுத்த ஊரின் பிள்ளைகள் அன்று முதல் நூறு கிலோமீட்டர் தள்ளி வேலைக்கு ஓடுகிறார்கள். மாரிகுப்பத்தில் கிளம்பி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருட்டில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தால், அதுதான் இந்த ஊரின் மிகப் பெரிய சபை. அதில் உங்களோடு வருகிற நண்பருக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுப்பதும், தூங்குகிறவரை ஸ்டேஷனில் எழுப்பிவிடுவதும், முதல் மாதச் சம்பளத்தை ஏஜென்சி பிடித்துவைத்துக்கொண்ட புதுப் பையனுக்குக் கைமாற்றுக் கொடுப்பதும் ஜெபத்தில் சேரும். இரவு முழுவதும் வாசலில் விழித்திருப்பவரின் வேலையைச் சங்கீதக்காரர் தேவனுடைய வேலைக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தால், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதிய ஐந்தாம் அதிகாரத்தையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓவர்டைம் கேட்பது பேராசை இல்லை. சங்கத்தில் சேர்வது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆயர்மாருக்கு ஒரு வார்த்தை. 1944-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், எஃகு ஆலைகள் நிறைந்த ஊர் அது, லெஸ்லி ஹன்டர் என்ற பேராயர் டெட் விக்கம் என்ற இளம் குருவானவரை ஆலைகளுக்கே அனுப்பினார். அவர் உலைக்களத்தின் பக்கத்தில், தொழிலாளர்களின் இடைவேளையில், அவர்களோடு நின்று பேசினார். முக்கால்வாசி நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்டார். தொழிலாளி கோவிலை விட்டுப் போகவில்லை, கோவில்தான் தொழிலாளியின் உலகத்துக்குள் நுழைந்ததே இல்லை என்பதுதான் அவர் பிறகு எழுதிய புத்தகத்தின் கருத்து. நம் ஆயர்மார் வியாதிப்பட்டோரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கிறார்கள். வேலை செய்வோரை வேலையிடத்தில் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை அந்த விடியற்கால வண்டியில் ஏறிப் போய்விட்டு அன்று ராத்திரி அதே கூட்டத்தோடு திரும்பி வாருங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் பிரசங்கம் தானாக மாறும்.

முடிக்குமுன் இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். சாயந்திரக் காற்று அடித்தால் அந்த மேட்டுப் பக்கத்திலிருந்து தூசி பறப்பது உங்களுக்குத் தெரியும். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சைனைடு மேடு மூன்று கோடி டன்னுக்கு மேல் இந்த ஊரைச் சுற்றி நிற்கிறது. பொன் போன இடம் வேறு, தூசி தங்கிய இடம் நம் வீடு. அந்த மேடுகளைப் பற்றி அரசாங்கத்திடம் பேசுவதும், அங்கே மரம் நடுவதும், பிள்ளைகளின் நெஞ்சுச் சளியைப் பரிசோதிக்க மருத்துவ முகாம் கேட்பதும் சபைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று தனித்தனியாகக் கேட்டால் நடக்காது.

இரண்டாவது காரியம் இது. நம் கோவில்களின் திருமணப் பதிவேட்டில், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களின் தொழிலை எழுத ஒரு பத்தி இருக்கிறது. வருஷக்கணக்காக அதை நிரப்பி வருகிறோம். எழுதி மூடிய பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சபைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த மாதம் அந்தப் பதிவேட்டைத் திறந்து, உங்கள் சபையில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், என்ன ஆபத்து என்பதையும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். மிஷனரிகளுக்கும் ஆயர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பேர் சொல்லி ஜெபிக்கிறோமே, அதுபோல வாரத்துக்கு ஒரு தொழிலைச் சொல்லி, அந்தத் தொழிலில் இருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லி ஜெபியுங்கள். முதல் வாரம் துப்புரவுத் தொழிலாளர்களை நிற்கச் சொல்லுங்கள்.